ஒப்படைக்காத கட்டு

"முழங்கால் வலிக்குதுன்னியே, நீ வீட்லயே இரேம்மா."

"வலி எனக்கு. நொண்டுறது நீ. போய்க் குளிச்சிட்டு வா" என்றாள் அம்மா.

அவன் குளித்தான். சவரம் செய்தான். நேற்றே தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அம்மாவின் காலை மாத்திரைகள் மூன்றையும் எடுத்து வைத்தான். பழக்க தோஷத்தில் அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து, மூடினான்.

அப்பா போய்ப் பதினெட்டு நாள். இன்று பத்தரை மணிக்கு வழக்கறிஞர் சங்கக் கூடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம்.

"ஆளாளுக்கு மைக்கைப் பிடிச்சா விட மாட்டாங்கம்மா. எல்லாரும் வக்கீலுங்க."

"உங்கப்பா வாயையே நாற்பத்தாறு வருஷம் தாக்குப்பிடிச்சவ நான். இவங்கெல்லாம் எம்மாத்திரம்?"

உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாது.

போன வாரம் அப்பாவின் அலுவலகத்தைக் காலி செய்யப் போயிருந்தான். வழக்கு முடிந்ததும் காகிதக் கட்டைக் கட்சிக்காரரிடம், கோர்ட் பேச்சில் 'பார்ட்டி'யிடம், ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவது அப்பாவின் வழக்கம். அலமாரி கிட்டத்தட்ட காலியாகத்தான் இருந்தது. அடித்தட்டில் மட்டும் ஒரே ஒரு கட்டு. மேலே அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'தாய், பிள்ளை இருவரும் இனி என் பொறுப்பு.' நாற்பத்தேழு வருடத்துக்கு முந்தைய தேதி. அவனுக்கு அப்போது ஒரு வயது.

நாடாவில் கைவைத்ததும் குமாஸ்தா பாய்ந்து வந்து கட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"பார்ட்டி தவிர யாரும் பிரிக்கக் கூடாது தம்பி. ஐயா உத்தரவு."

"யார் மாமா அந்தப் பார்ட்டி?"

"கூட்டத்தன்னிக்கு வருவாங்க. ஐயா காலத்துக்கப்புறம், கோர்ட் வளாகத்துலதான் கொடுக்கணும். கட்டு ஒருநாளும் பார்ட்டி வீடு தேடிப் போகாது. உங்களுக்குத் தெரியாததா?"

"எங்கம்மாவும் வர்றாங்களே மாமா."

"வரட்டுமே" என்று குமாஸ்தா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தவர் அப்பா. அவன் பரீட்சை எழுதிய நாளெல்லாம் பள்ளி வாசலில் உட்கார்ந்து வழக்குக் காகிதம் படித்தவர். அவருக்கா இன்னொரு வீடு? இன்னொரு பிள்ளை? போனவரை விடு, இருப்பவள் என்ன ஆவாள்? நாலு பேர் முன்னால் அந்தப் பெண் வந்து நின்றால் அம்மா தாங்குவாளா?

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசலையே பார்த்தான்.

"சுளுக்கிக்கப் போகுது. யாரைத் தேடுறே?"

"ஒண்ணுமில்லம்மா. மின்விசிறி ஓடுதான்னு பார்த்தேன்."

"அது மேல ஓடும். வாசல்ல ஓடாது."

சங்கத் தலைவர் பேசினார். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவரை இந்த வளாகத்துல யாரும் பார்த்ததில்லை. கேட்டா, 'வீட்ல பெரிய கோர்ட் கூடிடும், நான் ஆஜராகணும்'பார்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மறுபடி வாசலைப் பார்த்தான். எந்த வீட்டில்?

கடைசி வரிசையில் நரைத்த தலையோடு ஒரு பெண். பக்கத்தில் ஏறக்குறைய அவன் வயதில் ஓர் ஆள். பார்க்கப் பார்க்க அந்த ஆளின் மூக்கு அப்பாவின் மூக்காகவே தெரிந்தது.

"அம்மா, கிளம்பலாமா? தலை வலிக்குது."

"காலையில எனக்கு முழங்கால், இப்ப உனக்குத் தலையா? சும்மா உட்காரு."

இரண்டு நிமிட மௌனம் முடிந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பின்வாசல் வழியாகக் குமாஸ்தா வந்தார். ஒரு கையில் பதிவேடு, மறு கையில் அந்தக் கட்டு.

அவன் எழுந்து அம்மாவை மறைத்துக்கொண்டு நின்றான். குமாஸ்தா கடைசி வரிசையை நெருங்கினார். நரைத்த பெண் கும்பிட்டாள். அவரும் பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டு, நிற்காமல் நேரே முன்வரிசைக்கு வந்தார்.

"மாமா, இங்க வேண்டாம். தயவுசெஞ்சு."

"கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்றவர் குனிந்து பதிவேட்டை விரித்தார். "அம்மா, இங்க ஒரு கையெழுத்து."

அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்திட்டாள். கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது வேற யாரோ பார்ட்டியோடது!"

"பார்ட்டி நான்தாம்பா. அந்தப் பிள்ளை நீ."

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். கூடம் மெல்லக் காலியாகிக்கொண்டிருந்தது.

"அப்போ... அப்பா?"

அம்மா கட்டின் மேலிருந்த சீட்டைத் தடவினாள்.

"உன்னைப் பெத்தவன் இதே கோர்ட்ல நின்னு, இது என் பிள்ளையே இல்லைன்னு சாதிச்சான். இல்ல, இவன் பிள்ளைதான்னு வாதாடி ஜெயிச்சுக் கொடுத்தார் உங்கப்பா. 'என் பிள்ளையா ஆகப் போறவனை இன்னொருத்தன் பிள்ளைன்னேனே, என் ஆயுசுல பேசின ஒரே பொய் வாதம் அதுதான்'னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்."