ஏரிக்குள்ளே ஏழு பேர்

வெள்ளத்தின் மூன்றாம் நாள். படாளம் முகாமுக்கு வரும் மீட்புப் பட்டியலில் இடங்கள் வரைபடத்தின் கட்ட எண்ணாகத்தான் இருக்கும். மாமல்லபுரத்திலிருந்து லாரியில் வந்த மீனவப் படகுகளின் ஜி.பி.எஸ்.ஸுக்கோ அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். மாற்றித் தருவது ரஞ்சிதாவின் வேலை.

காலையில் ஒரு வரி வந்தது: ஏரிக்குள்ளே ஏழு பேர். மாற்றிக் கொடுத்தாள். மூன்று பேரோடு போன படகு திரும்பவில்லை. மதியம் அதே கட்ட எண்ணில் பத்து பேர் என்று வந்தது.

அடுத்தது அவள் தம்பி எழிலின் படகு. அவனோடு சேர்த்து நாலு பேர் ஏறிவிட்டார்கள்.

"இன்னாக்கா, தூங்கிக்கினு கீறியா? நம்பரைக் குடு. பத்து பேருக்கு நாஸ்தா சொல்லி வை!"

ரஞ்சிதா வேண்டுமென்றே இலக்கங்களை மாற்றி எழுதினாள். அவை காட்டும் இடம் ஏரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கூடம். அங்கிருந்தவர்களை நேற்றே மீட்டாயிற்று.

"இந்தா. நேரா இங்க போ. வேற எங்கியும் பூடாதடா."

படகு கண்ணுக்கு மறைந்ததும் பட்டியல் புதிதாக வந்தது. ஏரி வரியில் இந்த முறை கட்ட எண்ணும் மாறியிருந்தது. மாற்றிப் பார்த்தாள். பள்ளிக்கூடம்.

பதினாலு பேர்.