கடைக்காரர் ஓட்டுகிறார்

மதிய வெயில் கடைவாசலில் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் மண்மேட்டில் ஓட்டும் குட்டி பிட் பைக்குகளின் சிவப்புப் பெயிண்டில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. எல்லாம் சீனாவிலிருந்து வந்திறங்கிய மலிவு வண்டிகள். "கல்லு மாதிரி இருக்கும் சார்" என்று பிள்ளைக்கு வண்டி வாங்க வந்த ஒரு தகப்பனிடம் அளந்துகொண்டிருக்கும் கடைக்காரர், அதே மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வெல்டிங் பட்டறைக்காரியைப் பார்த்ததும் வாயை மூடுகிறார். போன மாதம் அவள் மகள் மேட்டிலிருந்து இறங்கும்போது இந்த வண்டியின் கழுத்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய், பற்றவைத்த இடத்திலேயே விட்டுக்கொண்டது. பெண்ணுக்குத் தோள் எலும்பு நொறுங்கியது. "ஓட்டத் தெரியாத புள்ளைக்கு வண்டி எதுக்கு?" என்று ஊர் பார்க்கச் சிரித்தவர் இந்தக் கடைக்காரர்தான்.

"கல்லு மாதிரின்னு சொன்னீங்களேண்ணே, பின்னாடி மேட்டுல ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க."

"கழுத்த ஒட்டிட்டியாம்மா?"

"கம்பெனிக்காரன் ஒட்டின மாதிரியே ஒட்டியிருக்கேன்."

அது பொய். இரண்டு நாள் உட்கார்ந்து அவள் பற்றவைத்திருக்கும் கழுத்து யானை ஏறினாலும் அசையாது. அதை அவள் சொல்லப்போவதில்லை. தகப்பன் பார்த்துக்கொண்டே நிற்க, கடைக்காரருக்கு வேறு வழியில்லை, ஏறுகிறார். மேட்டின் உச்சியில் இன்ஜின் உறுமுகிறது, இறக்கத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. தகப்பன் கையிலிருந்த ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவுகிறார். கடைக்காரர் திரும்பி வந்து நிற்கும்போது சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்கிறது.

"போதுமாம்மா?"

அவள் கையைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தை ஆசை தீரப் பார்க்கிறாள்.

"இன்னொரு ரவுண்டு போங்கண்ணே."