கடைசிக் கோட்டுக்குக் கீழே

"கடுங்கோடையிலும் முக்கால் மீட்டருக்குக் குறையாத ஆறு இது!" என்று அணைத் திட்டத்தின் பொறியாளர் மேடையில் முழங்கியபோது, நான்காம் வரிசையில் அமர்ந்திருந்த அளவுகோல்காரிக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

அந்த எண் அவள் எழுதியது.

காலையிலும் மாலையிலும் கரையிறங்கி, அங்கே நட்டிருக்கும் அளவுகோலில் நீர்மட்டத்தைப் படித்துப் படிவத்தில் எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு நாளும் தவறவில்லை.

அந்த எண்கள் இப்போது திரையில் அணிவகுத்து நின்றன. அவற்றை நம்பித்தான் பொறியாளர் வாக்களித்துக்கொண்டிருந்தார்: மூன்று டர்பைன்களும் ஆண்டு முழுவதும் சுழலும், மிச்ச நீர் கீழே போகும், வயல் விளையும், மீன் ஏறும், எவருக்கும் ஒரு குறையும் வராது.

"ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்" என்றார் விசாரணைக் குழுத் தலைவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

எழுந்தவளின் கையைத் தம்பி பிடித்து இழுத்தான்.

"அக்கா, ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. வேலைக்கே உலை வெச்சுக்காதே. வாயைப் பூட்டு."

"சாவியை ஆத்துல போட்டுட்டேன்டா."

மைக்கைப் பிடித்தாள்.

"அந்த நம்பர் பொய்ங்க. கோடையில ஆறு என் கணுக்காலைத் தாண்டாது. அளவுகோலோட கடைசிக் கோடு முக்கால் மீட்டர். தண்ணி அதுக்கும் கீழ போயிட்டா, படிக்கக் கோடே கிடையாது. ஆனா படிவத்துல கட்டத்தைக் காலியா விடக் கூடாதுன்னு உத்தரவு. கடைசிக் கோட்டையே எழுதுன்னாங்க, எழுதினேன். பத்தொன்பது கோடையும் அப்படித்தான் எழுதினேன்."



அந்தக் கணுக்கால் நீரையும் சுவர் எழுப்பி மறித்தால், கீழே இருக்கும் பதினொரு ஊர்களுக்கு மணல்தான் மிஞ்சும். முட்டையிட மேலேறி வரும் மீன் கான்கிரீட்டில் முட்டிச் சாகும். தன் கை எழுதிய பொய்யை அடித்தளமாக்கி ஓர் அணை எழுவதா? வேலைதானே போகும்? போகட்டும்!

பொறியாளரின் முகம் சிவந்தது. "சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்கம்மா. அப்படி எழுதச் சொன்னது யாரு? ஆளைக் காட்டுங்க பார்ப்போம்!"

அவள் பொறியாளர் பக்கம் திரும்பவே இல்லை. மேடையின் நடுநாற்காலியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு எங்க ஆபீசரா இருந்தது நீங்கதானேய்யா. நீங்களே சொல்லிடுங்க."

கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்த குழுத் தலைவர், மைக் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

அவள் சிரித்தாள். வெள்ளத்தின் இரைச்சலை மீறி அக்கரைக்கு அளவு சொல்லிப் பழகிய தொண்டை அது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை, உள்ளே இடமில்லை என்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பதினொரு ஊராருக்கும் கேட்டது.