பதினைந்து சதவீதம்

எம்.பி.ஏ. சேர விரும்புகிறவர்களுக்கு இடம் கிடைக்குமா என்று கணித்துச் சொல்வதுதான் பிலிப்பைன்ஸின் செபு நகரில் நெஸ்டரின் தொழில். எதிரே அமர்ந்திருந்த தலைமை நர்ஸ் ரோசெண்டாவின் விவரங்களை உதட்டைப் பிதுக்கியபடி படித்தார்.

“பதினாலு வருஷம் எமர்ஜென்சி வார்டு. சரி. நிர்வாக அனுபவம்னு ஒண்ணும் காணோமே மேடம்?”

“முப்பத்தெட்டு நர்ஸுங்களுக்கு நான்தான் சார் டியூட்டி போடறேன்.”

“அது டியூட்டி போடறது. நிர்வாகம் இல்ல.”

“போன புயல்ல கரண்ட் போயி, பாதிப் பேர் வேலைக்கு வர முடியல. இருந்தவங்கள வச்சு மூணு நாள் ஆஸ்பத்திரிய ஓட்டினேன்.”

“அது சேவை மேடம். நீங்க கேக்கற காலேஜ்ல அதெல்லாம் எடுபடாது. தப்பா எடுத்துக்காதீங்க, பதினஞ்சு சதவீதம்தான் வாய்ப்பு.”

ரோசெண்டாவின் முகம் வாடியது. “அப்போ அவங்களுக்கு என்னன்னு பதில் எழுதறது?”

“நீங்க இன்னும் அப்ளையே பண்ணலையே. அவங்களுக்கு எதுக்குப் பதில்?”

ரோசெண்டா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அதில் அதே கல்லூரியின் முத்திரை இருந்தது.

“புயல்ல ஆஸ்பத்திரிய எப்படி நடத்தினேன்னு எம்.பி.ஏ. பசங்களுக்கு ஜூன்லேர்ந்து பாடம் எடுக்கக் கூப்பிடறாங்க சார். படிக்காமப் போயி டீச்சரா நிக்கக் கூச்சமா இருக்கு. முதல்ல படிச்சிடலாமேன்னு பார்த்தேன்.”

நெஸ்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

“வர்றேன்னு இப்பவே பதில் போட்டுடலாம் மேடம். நானே டைப் பண்றேன்.”

“எனக்கு அவ்வளவா விவரம் பத்தாதுன்னு ஒரு வரி சேர்த்துடுங்க சார்.”

“அந்த வரி எனக்கு இருக்கட்டும் மேடம்,” என்று சிரித்தார் நெஸ்டர்.