பூமியில் இல்லாத கல்

"இது ஐஸ்கட்டி. இது எங்க உம்மாக்க அலமாரிக் கைப்பிடி" என்று சொல்லிக்கொண்டே சஃப்வான் படங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்.

ஆறு படங்களும் எதிரே நின்ற ஜின்சி வரைந்தவை.

நாகர்கோவிலில் சத்தியபாய் அம்மாள் நடத்தும் பதிப்பகம். அடுத்து வரப்போவது சஃப்வானின் விஞ்ஞான நாவல். அழிந்துபோன ஒரு கிரகத்தார் தங்கள் வரலாறு முழுவதையும் ஒரு சின்னப் படிகத்தில் சேமித்து வைத்திருப்பார்கள். அந்தப் படிகம்தான் அட்டையில் வர வேண்டும்.

சஃப்வான் குளச்சல்காரர். துபாயில் பதினாறு வருடம் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர். அட்டைக்கு அவர் வைத்தது ஒரே நிபந்தனை.

"இந்தப் பூமியில எவனும் பாத்திருக்கக் கூடாது, கேட்டியா மக்கா?"

முட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஜின்சிக்கு இது முதல் அட்டை. மதியத்துக்குள் முடிவாகவில்லை என்றால், சஃப்வான் போனில் ஏ.ஐ.யை வைத்து ஒரு நிமிடத்தில் உண்டாக்கிய நீல வெளிச்சப் படம் அச்சுக்குப் போய்விடும். 'அட்டைப்படம்: ஜின்சி' என்று உள்ளே ஒரு வரி வரும் என்று அவள் அப்பா கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

சத்தியபாயின் கண் மேசை ஓரத்து டிபன் கேரியரிலேயே இருந்தது.

"சீக்கிரம் முடியுங்க தம்பி. ஜின்சி கத்தாளை மீன் மண்டைக் கொழம்பு கொண்டு வந்திருக்கா. மணம் இருக்க விடல."

மண்டை தனக்குத்தான் என்று சஃப்வான் உடனே சொல்லி வைத்தார். சின்ன வயதிலிருந்தே அவர் வீட்டில் மீன் மண்டையை வேறு யாரும் தொட்டதில்லையாம்.

ஜின்சி பையைத் திறந்தாள். கொடுப்பதா வேண்டாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்த ஏழாவது படத்தை எடுத்து நீட்டினாள்.

பால் வெள்ளையில், புளியங்கொட்டை போல ஒன்று. ஒரு பக்கம் புடைப்பு. மறுபக்கம் தலைப்பிரட்டை வடிவத்தில் வாலோடு ஒரு பள்ளம். கீழே, அதையே குறுக்காக வெட்டிய தோற்றம். வளையத்துக்குள் வளையமாகப் போய்க்கொண்டே இருந்தது.

சஃப்வான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இது எப்பிடி மக்கா சேமிக்கும்?"

ஜின்சி தாழ்ந்த குரலில் விளக்கினாள். நாளுக்கு ஒரு மெல்லிய படலம் படியும். அன்றைய குளிர், சூடு எல்லாம் அந்தப் படலத்தில் பதிந்துவிடும். வெட்டி உருப்பெருக்கியில் வைத்து எண்ணினால் வருடக்கணக்குத் தெரியும். அதைச் சுமந்து திரிந்தவர் எங்கே பிறந்தார், எங்கெல்லாம் போனார் என்றுகூடப் படித்துவிடலாம். ஒருமுறை பதிந்தால் அழியாது.

"கரண்டு வேண்டாமா?"

"வேண்டாம் சார்."

"ஒண்ணு தொலைஞ்சு போனா?"

"எப்பவும் ரெண்டா இருக்கும் சார். இடது ஒண்ணு, வலது ஒண்ணு."

"பேக்கப்" என்றார் சஃப்வான். அதைச் சொல்லும்போது அவர் குரல் குழைந்துவிட்டது. "இவ்வளவு எழுதியும் எனக்கு இது தோணலியே. இது மனுசன் பாத்த சாமானே இல்ல."

போனில் இருந்த நீலப் படத்தை அவரே அழித்தார். ஜின்சி சொன்னதையெல்லாம் நாவல் பிரதியில் ஏழாம் அத்தியாயத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அவர் மனம் மாறுவதற்குள் சத்தியபாய் படத்தை ஸ்கேன் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்பினார்.

"போயாச்சு. இனி மாத்த முடியாது. தட்ட எடுங்க."

"சார், ஒரு விசயம்..." என்று ஜின்சி ஆரம்பித்தாள்.

எதுவானாலும் சாப்பிட்ட பிறகு பேசலாம் என்று சஃப்வான் கை கழுவப் போய்விட்டார்.

சொன்னபடியே மண்டை அவர் தட்டுக்கு வந்தது. அப்படியே எடுத்துக் கடித்தார். 'கடக்' என்றது. வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பது வருடமாகச் செய்வதுபோல், வாயில் தட்டுப்பட்ட மீன் மண்டைக் கல்லை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் போடப் போனார்.

கை நின்றது.

பால் வெள்ளையாக, புளியங்கொட்டை போல ஒன்று. மெல்லத் திருப்பிப் பார்த்தார். தலைப்பிரட்டை வடிவத்தில் வாலோடு ஒரு பள்ளம்.

சஃப்வான் மேசை மேல் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு ஜின்சியைப் பார்த்தார். அவள் தன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பாத்துக் கடியுங்க சார்" என்றாள் மெதுவாக. "பேக்கப் அந்தப் பக்கத்துல இருக்கும்."