டார்ச் பிடிக்கிற கை

எலிவேட்டரின் அடிக்குழிக்குள் உட்கார்ந்து புது உதவி என்ஜினியர் ஹாஃபிஸா பெல்ட்டைத் தடவிப் பார்க்கிறாள். மேலிருந்து குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறான் தனிஸ்லாஸ். பட்டுக்கோட்டைச் சாலையில் இருக்கும் இந்த அரிசி ஆலையில் கடந்த மாதம்தான் மேனேஜர் ஆனான்; அதுவரை இங்கேயே என்ஜினியர். நெல் தூக்கும் எலிவேட்டர் காலையிலிருந்து நின்று கிடக்கிறது. தொட்டியில் ஊறும் நெல்லின் வாடை லேசான புளிப்போடு ஷெட் முழுக்கப் பரவுகிறது. “நீங்களே எறங்கிப் பாத்துடுங்களேன். நெல்லு நாறிப்போனா அரிசிய யாரு வாங்குவா?” என்கிறார் முதலாளி ஜெக்கரியா, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. “அவங்களே பாத்துடுவாங்க முதலாளி” என்கிறான் தனிஸ்லாஸ். “அப்ப உங்க பொறுப்பு” என்றுவிட்டு அவர் அங்கேயே நிற்கிறார். ஹாஃபிஸா சக்கரத்தைக் கையால் சுற்றுகிறாள். கிறீச்சென்று ஒரு சத்தம். கோளாறு இடது பக்க பேரிங்தான். தனிஸ்லாஸுக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. டார்ச் வெளிச்சம் தானாக அங்கே ஓடுகிறது. சட்டென்று இழுத்து, மறுபடியும் அவள் விரல்கள் மேலேயே வைக்கிறான். இவளுக்கு முன்னால் அவனிடம் உதவி என்ஜினியராக இருந்த லியோ, மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: “உங்களுக்கு டார்ச் புடிச்சே ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு சார்.” வெளிச்சத்தில் உமித்தூசி மிதக்கிறது. அவள் இன்னொரு முறை சுற்றுகிறாள், நிறுத்துகிறாள், தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். தனிஸ்லாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். “பெல்ட் இல்ல சார்” என்கிறாள் நிமிராமலே. “லைட்ட இடது பக்கம் காட்டுங்க.” காட்டுகிறான்.