மச்சானின் மீசை

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் கட்டிலின் பாதியை நிறைத்திருக்கிறது. போர்ட் எழுதும் பெயிண்டர் போர்வையை விலக்கிவிட்டு, முழங்காலோடு முடிந்துபோன தன் காலின் வெள்ளைக் கட்டின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு முகம் வரைந்து முடிக்கிறான். முறுக்கு மீசை, முட்டைக் கண், முன் வழுக்கை. "மச்சான், எந்திரிங்க. நர்ஸம்மா வந்துட்டாங்க" என்று அதைத் தட்டி எழுப்புகிறான். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அந்தப் பக்கமே பார்க்காத அவன் மனைவி, கட்டு மாற்றும்போதெல்லாம் போவதைப் போல வராந்தாவுக்குக் கிளம்பியவள், வாசலில் நின்று திரும்புகிறாள். அச்சு அசல் அவள் அண்ணன். வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வருகிறது. "எங்கண்ணனுக்கு ஒண்ணும் இவ்வளவு வழுக்கை இல்ல!" என்று மார்க்கரைப் பிடுங்கி, நெற்றிக்கு மேல் நாலு முடி வரைந்துவிடுகிறாள். நர்ஸும் சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்க்கிறாள். மீசை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக முகம் சுற்றுச் சுற்றாகப் பிரிகிறது. கடைசிச் சுற்று தையலில் ஒட்டிக்கொண்டு வர மறுக்க, பெயிண்டர் பல்லைக் கடிக்கிறான். மனைவி நகரவில்லை. தொடைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அந்தத் தையலையே பார்த்தபடி கேட்கிறாள்: "வலிக்குதாண்ணே?" பெயிண்டர் மச்சானின் கரகரத்த குரலில் சொல்கிறான்: "கொஞ்சம்தான், தங்கச்சி."